முதலில் ஸ்கேன், பிறகு ஊசி

புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய இன்று மூன்று முக்கியச் சோதனைகள் இருக்கின்றன. ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பது ஒன்று. இடுப்புப் பகுதியை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பது இன்னொன்று. புராஸ்டேட் சுரப்பிக்குள் ஊசி செலுத்திச் சதைத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சி மூன்றாவது. பிஎஸ்ஏ முதலில் வரும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அளவு கூடியிருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். ஒரு மருத்துவர் உடனே பயாப்சிக்குத் தேதி கொடுக்கிறார். இன்னொருவர் ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் அத்துடன் விட்டுவிடலாமா, ஸ்கேனிலேயே புற்று மாதிரி தெரிந்துவிட்டால் ஊசி எதற்கு என்ற கேள்விகள் குடும்பத்துக்குள் எழுகின்றன. இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்துவதே தவறு என்பது என் வாதம். ஸ்கேன் முதலில் வர வேண்டும். அது காட்டிய இடத்துக்கு ஊசி போக வேண்டும். நோய் இன்னதென்ற தீர்ப்பைச் சதைத் துணுக்கு சொல்ல வேண்டும். பெருநகர மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கும் இந்த வரிசை, பழனி மலையில் வாழ்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இந்த மலையிலுள்ள கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் அப்பால் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒரு பக்கம், காப்பியும் மிளகும் மலைவாழையும் இன்னொரு பக்கம் என்று தோட்ட வேலையில் வாழ்க்கையைக் கழித்த ஆண்கள் அறுபது, எழுபது வயதில் மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று மருத்துவரிடம் வருகிறார்கள். யூராலஜி மருத்துவர், எம்ஆர்ஐ கருவி, சதைத் துணுக்கைப் படித்துச் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டுமானால் அவர்கள் மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ பல மணி நேரப் பேருந்துப் பயணம். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய, அடக்க முடியாத முதியவருக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் அந்தப் பயணமே ஒரு தண்டனை. துணைக்கு ஒருவர் வர வேண்டும்; இருவரின் கூலியும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் குறித்த தேதியும் போகும். எனவே, ஒவ்வொரு சோதனையையும் மதிப்பிடும்போது அது எத்தனை நோயைக் கண்டுபிடிக்கிறது என்பதோடு, எத்தனை முறை ஒருவரை இறக்கி ஏற்றுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பழைய முறை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். 1989-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்டு கருவியைச் செலுத்திச் சுரப்பியைப் பார்த்தபடியே ஆறு இடங்களில் முறைப்படி சதை எடுக்கும் வழியை வெளியிட்டார்கள். ஆறு பிறகு பத்தாகவும் பன்னிரண்டாகவும் ஆனது. உலகம் முழுக்க முப்பது ஆண்டுகள் இதுவே நடைமுறை. அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் வடிவம் நன்றாகத் தெரியும். புற்று இருக்கும் இடம் பெரும்பாலும் தெரியாது. எனவே மருத்துவர் ஊசியைப் புற்றை நோக்கிச் செலுத்துவதில்லை, சுரப்பியின் பாகங்களுக்குப் பங்கிட்டுச் செலுத்துகிறார். ஒரு துணுக்கின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவு, நீளம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். பன்னிரண்டையும் சேர்த்தாலும் வீங்கிய சுரப்பியின் கொள்ளளவில் நூறில் ஒரு பங்குகூட வராது. பெரிய உருளைக்கிழங்குக் காட்டில் எந்தச் செடி வாடியிருக்கிறது என்று பார்க்காமலேயே பன்னிரண்டு குழி தோண்டிவிட்டுக் காடு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது போன்றது இது. மேலும், ஊசி பின்பக்கமிருந்து போவதால் சுரப்பியின் முன்பக்கத்தில் வளரும் கட்டிகள் எளிதில் தப்பிவிடும். அதே சமயம், முதுமையில் பல ஆண்களின் சுரப்பியில் இருக்கும், வாழ்நாள் முழுதும் எந்தத் தீங்கும் செய்யாத சிறு புற்றுப் புள்ளிகளில் ஊசி தற்செயலாகப் பட்டுவிடும். தேட வேண்டியது தப்பிப் போகிறது, தேட வேண்டாதது அகப்படுகிறது.

எம்ஆர்ஐ இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. அது கதிர்வீச்சு இல்லாமல், வலுவான காந்தப்புலத்தையும் வானொலி அலையையும் கொண்டு உடலிலுள்ள நீரின் நிலையைப் படமாக்குகிறது. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை இரண்டு வகைப் படங்கள் முக்கியம். ஒன்று சுரப்பியின் உள்ளமைப்பைக் காட்டும். மற்றொன்று திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைக் காட்டும். புற்று செல்கள் நெருக்கியடித்து வளர்ந்த இடத்தில் நீர் நகர இடமிருக்காது. அந்த இடம் படத்தில் தனித்துத் தெரியும். இவற்றை வைத்து ரேடியாலஜி மருத்துவர் பைராட்ஸ் என்ற ஒன்று முதல் ஐந்து வரையான மதிப்பெண்ணைத் தருகிறார். ஒன்றும் இரண்டும் என்றால் ஆபத்தான புற்றுக்கு வாய்ப்பு குறைவு. நான்கும் ஐந்தும் என்றால் அதிகம். மூன்று என்பது நிச்சயமில்லாத நடுநிலை. இந்த எண் வாய்ப்பை மட்டுமே சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அறிக்கையில் ஐந்து என்று எழுதியிருப்பதைப் புற்றுநோய் ஐந்தாம் நிலைக்கு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு உடைந்துபோகும் குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு வரியைத் தமிழில் விளக்கி அறிக்கையிலேயே அச்சிட்டுக் கொடுப்பது செலவில்லாத காரியம்.

ஸ்கேனும் பயாப்சியும் முரண்பட்டால் எதை நம்புவது? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் தவறாகவே கையாளப்பட்டது. பயாப்சி சொல்வதே உண்மை என்று வைத்துக்கொண்டு, ஸ்கேன் அதனோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். ஆனால், ஸ்கேன் சரியாகக் காட்டிய கட்டியை ஊசி தவறவிட்டிருந்தால், அந்தக் கணக்கில் ஸ்கேன் பொய் சொன்னதாகவே பதிவாகும். அளவுகோலே கோணலாக இருக்கும்போது அதைக் கொண்டு அளந்ததை நம்ப முடியாது. பிரிட்டனில் நடந்து 2017-ல் லான்செட் இதழில் வெளிவந்த புராமிஸ் ஆய்வு இதை நேர்மையாகத் தீர்த்தது. பிஎஸ்ஏ கூடியிருந்த, அதுவரை பயாப்சி செய்திராத 576 ஆண்களுக்கும் முதலில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறகு வழக்கமான பயாப்சியும், அதோடு மயக்க மருந்து கொடுத்து ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சுரப்பி முழுவதையும் ஊசியால் அலசும் விரிவான பயாப்சியும் செய்தார்கள். இந்த மூன்றாவது சோதனையை உண்மையாக வைத்து மற்ற இரண்டையும் அதனோடு ஒப்பிட்டார்கள். ஆபத்தான புற்று இருந்தவர்கள் 230 பேர். எம்ஆர்ஐ அவர்களில் 93 சதவீதத்தினரைச் சந்தேகித்தது. வழக்கமான பயாப்சி கண்டுபிடித்தது 48 சதவீதம் மட்டுமே. முப்பது ஆண்டுகள் உலகம் நம்பிய சோதனை, ஆபத்தான புற்றுகளில் பாதிக்கு மேல் தவறவிட்டிருக்கிறது. புராஸ்டேட் நோயறிதல் வரலாற்றில் இதைவிடக் கனமான ஒப்பீடு இல்லை என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்த்ததோடு அறிவியல் நிற்கவில்லை. வரிசையை மாற்றினால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதும் சோதிக்கப்பட்டது. 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில், 11 நாடுகளைச் சேர்ந்த 500 ஆண்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு நேரடியாக வழக்கமான பயாப்சி. மற்றக் குழுவுக்கு எம்ஆர்ஐ. அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தில் பயாப்சி. எம்ஆர்ஐ குழுவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அப்படி இருந்தும், ஆபத்தான புற்று 38 சதவீதத்தினரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான முறையில் 26 சதவீதம்தான். தீங்கில்லாத சிறு புற்று அகப்பட்டது எம்ஆர்ஐ குழுவில் 9 சதவீதம், மற்றக் குழுவில் 22 சதவீதம். இந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, 2019-ல் ஐரோப்பிய யூராலஜி சங்கமும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் பயாப்சிக்கு முன் எம்ஆர்ஐ என்ற வழிகாட்டுதலுக்கு வந்தன.

இதைப் படிக்கிறவர் ஸ்கேன் ஜெயித்துவிட்டது என்று எண்ணலாம். அதே புராமிஸ் ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐ சந்தேகப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபத்தான புற்று இல்லை. அழற்சி, பழைய தொற்று, வயதால் வரும் வீக்க முடிச்சுகள் எல்லாம் படத்தில் புற்றைப் போலவே வேடமிடும். நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் புராஸ்டேட்டையும் தாக்கும். அப்படித் தாக்கும்போது பிஎஸ்ஏ உயரும், மலக்குடல் வழியாகத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் விரலுக்குச் சுரப்பி கெட்டியாகத் தட்டுப்படும், எம்ஆர்ஐயில் பைராட்ஸ் ஐந்து என்றே வரக்கூடும். மூன்றும் புற்று என்று கைகாட்டும்போது அது காசநோய் என்று சொல்ல வல்லது சதைத் துணுக்கு ஒன்றுதான். பயாப்சி இல்லாமல், ஸ்கேனையும் பிஎஸ்ஏயையும் மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முற்றிய புராஸ்டேட் புற்றுக்கு நம் நாட்டில் செலவு குறைந்த சிகிச்சையாக விதைகளை அகற்றும் அறுவை இன்றும் செய்யப்படுகிறது. அது திருப்பித் தர முடியாத இழப்பு. ஆறு மாத மாத்திரையில் குணமாகியிருக்கக்கூடிய காசநோயாளிக்கு அந்த இழப்பு நேரக் கூடாது. புற்றுதான் என்று உறுதியானாலும், அதன் வேகம் எவ்வளவு என்ற கிளீசன் மதிப்பெண்ணைச் செல்களின் அமைப்பைப் பார்த்துத்தான் தர முடியும். கண்காணித்தால் போதுமா, அறுவையா, கதிர்வீச்சா, ஹார்மோன் மருந்தா என்ற முடிவுகள் அந்த எண்ணில்தான் நிற்கின்றன. குறி தவறிய ஊசி அந்த எண்ணையும் குறைத்துக் காட்டிவிடும். சுரப்பியை அறுவையில் அகற்றிய பிறகு முழுதாகப் பரிசோதித்தபோது, பயாப்சியில் சாது என்று சொல்லப்பட்ட புற்றுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதைவிடத் தீவிரமானவையாக இருந்ததைப் பழைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஸ்கேன் காட்டிய இடத்தில் எடுத்த துணுக்கு என்றால் இந்த ஏமாற்றம் குறையும். ஆக, ஸ்கேனால் பயாப்சியின் மதிப்பு கூடுகிறதே தவிர அதன் தேவை போய்விடவில்லை.

ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சும்மா இருந்ததைக் குத்திக் கிளறிவிட்டார்கள் என்ற பேச்சை எந்தப் புற்றுநோய் வார்டிலும் கேட்கலாம். இந்தப் பயம் முட்டாள்தனமானதல்ல. பயாப்சி முடிந்த சில மாதங்களில் ஒருவர் நலிந்து இறந்துபோவதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால், அந்த மனிதரின் நோய் ஊசிக்கு முன்பே எலும்புவரை போயிருந்தது. இடுப்பு வலி, முதுகு வலி, வாதம் என்று மாதக்கணக்கில் தைலம் தடவிய பிறகே மருத்துவமனைக்கு வந்திருந்தார். புராஸ்டேட் பயாப்சியின் ஊசித் தடத்தில் புற்று வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு, ஆனால் அவை மிகமிக அரிதானவை. அதற்குப் பயந்து பயாப்சியை மறுப்பது, அரிதான ஆபத்தைத் தவிர்க்கப்போய் அன்றாட ஆபத்தை ஏற்பதாகும். இந்த அன்றாட ஆபத்தில் காலதாமதமும் தவறான சிகிச்சையும் அடங்கும்.

பயாப்சியின் மெய்யான தீங்கு வேறு, அது மலைவாசிகளுக்கே அதிகம். மலக்குடல் வழியாக ஊசி போகும்போது குடல் கிருமிகள் ரத்தத்தில் கலக்கக்கூடும். வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத குடல் கிருமிகள் இந்தியாவில் பரவலாக இருக்கின்றன. காய்ச்சலும் குளிரும் பெரும்பாலும் பயாப்சி முடிந்த ஓரிரு நாளில் தொடங்கும். அப்போது அந்த மனிதர் கிளாவரையிலோ பாச்சலூரிலோ தன் வீட்டில் இருப்பார். மதுரைக்காரர் ஆட்டோவில் ஏறி மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவார். மலையில் ராத்திரி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து, இறங்கி, சமவெளியைச் சேர்வதற்குள் ரத்தத்தில் நஞ்சேறிவிடலாம். எனவே தேவையில்லாத ஒவ்வொரு பயாப்சியும் தவிர்க்கப்பட வேண்டும். தேவைப்படுகிற பயாப்சியை, இயன்ற இடங்களிலெல்லாம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகச் செய்ய வேண்டும். அந்த வழியில் குடலைத் தொட வேண்டியதில்லை, உணர்விழப்பு ஊசி மட்டும் போட்டே செய்யலாம், தொற்று மிகக் குறைவு. வரிசைக்கு இன்னொரு காரணமும் இதோடு சேர்கிறது. முதலில் ஊசி குத்திவிட்டால் சுரப்பிக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு, அதன் கறை பல வாரங்களுக்கு எம்ஆர்ஐ படத்தைக் குழப்பும். தெளிவான படம் வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு மாதம் காத்திருந்து மறுபடியும் மலையிறங்க வேண்டும். ஸ்கேனை முதலில் எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் வசதியைப் பற்றியது. பக்கவாதத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் மூளைக் கட்டிக்குமே எம்ஆர்ஐ கருவிகள் போதாதபோது, பிஎஸ்ஏ சற்றுக் கூடிய ஒவ்வொரு முதியவருக்கும் ஸ்கேன் எடுக்க முடியுமா? நியாயமான கேள்வி. முதலில், ஒவ்வொருவருக்கும் எடுக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்றாலும், மூத்திரம் அடைத்துக் குழாய் போட்டதாலும் பிஎஸ்ஏ தற்காலிகமாக உயரும். சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்கு இறங்கிவிடும். மறுகோடியில், பிஎஸ்ஏ நூறைத் தாண்டி, எலும்பு வலியோடு, கெட்டிப்பட்ட சுரப்பியோடு வருகிறவருக்கு எங்கே குத்தலாம் என்று எம்ஆர்ஐ சொல்ல வேண்டியதில்லை. எங்கே குத்தினாலும் புற்று கிடைக்கும்; இரண்டு மூன்று துணுக்குகளே போதும். இந்தியாவில் கணிசமான நோயாளிகள் இன்னும் இந்த நிலையில்தான் வருகிறார்கள். இவர்களை ஸ்கேன் வரிசையில் நிறுத்துவது கருவியின் நேரத்தையும் அவர்களின் காலத்தையும் வீணாக்கும். மீதமிருக்கும் நடுப்பகுதியினருக்குத்தான் எம்ஆர்ஐ. அவர்களுக்கும் நீண்ட ஸ்கேன் தேவையில்லை என்று 2025-ல் ஜாமா இதழில் வந்த பிரைம் ஆய்வு காட்டியிருக்கிறது. மருந்து ஏற்றி எடுக்கும் முழு ஸ்கேனுக்கு 30 முதல் 40 நிமிடம் ஆகும். மருந்தில்லாத குறுகிய ஸ்கேனுக்கு அதில் பாதி. 12 நாடுகளைச் சேர்ந்த 490 ஆண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஆபத்தான புற்று முழு ஸ்கேனில் 29.6 சதவீதம், குறுகிய ஸ்கேனில் 29.2 சதவீதம் பிடிபட்டது. மருந்துச் செலவு மிச்சம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தால் வரும் கவலை மிச்சம். ஒரே நாளில் அதே கருவியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேரைப் பார்க்கலாம். ஏழை மாநிலங்களுக்கும் மலைவாசிகளுக்கும் இதைவிட உதவியான ஆய்வு முடிவு அண்மையில் வந்ததில்லை.

கருவியைவிடப் பற்றாக்குறையானது படத்தைப் படிக்கத் தெரிந்த கண். இந்த எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 26 மையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான கட்டுரையில், பைராட்ஸ் நான்கும் அதற்கு மேலும் கொடுக்கப்பட்ட இடங்களில் ஆபத்தான புற்று இருந்தது சராசரியாக 49 சதவீதம்; மையத்துக்கு மையம் அது வெகுவாக வேறுபட்டது. தேர்ந்த மையங்களிலேயே இப்படி என்றால், நாளெல்லாம் முதுகெலும்பும் மூட்டும் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர் எப்போதாவது ஒரு புராஸ்டேட்டைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு நம்பகமாக இருக்கும்? இதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பதிலாகக் காட்டுகிறார்கள். 2024-ல் வெளிவந்த பை-காய் ஆய்வில், 20 நாடுகளைச் சேர்ந்த 62 ரேடியாலஜி மருத்துவர்களின் சராசரியைவிட மென்பொருள் சிறப்பாகவே படித்தது. ஆனால், அது பெரும்பாலும் நெதர்லாந்து, நார்வே நாட்டு நோயாளிகளின் படங்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு. காசநோய் அரிதான நாடுகளில் பழகிய மென்பொருள் நம் ஊர்ப் படத்தைப் பார்த்து என்ன சொல்லும் என்பதை இங்கே சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது எளிது. படங்கள் கணினி வழியாக எங்கும் போகும். மாவட்ட மருத்துவமனையில் எடுத்த புராஸ்டேட் படங்கள் எல்லாவற்றையும், அதையே தொடர்ந்து படிக்கும் மதுரை, சென்னை மருத்துவர்கள் ஓரிருவருக்கு அனுப்பலாம். ஸ்கேன் சொன்னதையும் பயாப்சி சொன்னதையும் மாதம் ஒருமுறை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கூட்டம் நடந்தால், படிக்கிற கண் ஓராண்டில் தேறிவிடும். தன் தவறு தன்னிடமே திரும்பி வராத இடத்தில் எந்த மருத்துவரும் முன்னேற வழியில்லை.

தேடாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு, அவர்களிடம் சான்றும் இருக்கிறது. பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில், பிஎஸ்ஏ மூலம் புற்று கண்டுபிடிக்கப்பட்ட 1,643 ஆண்கள் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுகளில் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர், 2.7 சதவீதம், மூன்று குழுவிலும் கணிசமான வேறுபாடு இல்லை. ஆனால், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த முடிவு, அறிகுறியே இல்லாத ஆண்களுக்கெல்லாம் முகாம் போட்டு பிஎஸ்ஏ பார்க்கும் ஆர்வத்தைத் தடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மட்டும் இருப்பதும், புராஸ்டேட் இல்லாததும் சரியே. ஆனால் நான் பேசுவது தொல்லையோடு மருத்துவரைத் தேடி வந்துவிட்ட மனிதரைப் பற்றி. அவருக்கும் தேவையற்ற புற்றுப் பட்டத்தைச் சூட்டாமல் இருக்க எம்ஆர்ஐயே உதவும். சுவீடனின் கோதன்பர்க் ஆய்வில், ஸ்கேன் காட்டிய இடத்தில் மட்டும் சதை எடுத்தபோது தீங்கில்லாத புற்றுகள் அகப்படுவது பாதியாகக் குறைந்தது. ஆபத்தான சிலவும் அப்போது தாமதமாகத் தெரிந்தன என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2022-ல் இந்தியாவில் புதிதாகச் சுமார் 38 ஆயிரம் பேருக்கு இந்தப் புற்று வந்தது. ஆயுள் நீள நீள இந்த எண் ஏறும். உலக அளவில் 2020-ல் 14 லட்சமாக இருந்தது 2040-ல் 29 லட்சமாகும் என்று லான்செட் ஆணையம் 2024-ல் கணித்திருக்கிறது. வேகமாக முதுமையடைந்துவரும் தமிழ்நாடு இதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதற்கு வெளிநாட்டைத் தேட வேண்டாம். கொடைக்கானல் அடங்கிய திண்டுக்கல் மாவட்டமே முன்பு ஒரு புற்றுநோயில் உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. பழனி மலையின் அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையத்தின் பங்களிப்போடு, 2000-க்கும் 2003-க்கும் இடையில் இந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். சந்தேகமான இடம் வெளுத்துத் தெரிந்தவர்களுக்கு அதே வருகையிலேயே உருப்பெருக்கியால் பார்த்து, தெரிந்த இடத்தில் சதை எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். பரிசோதனைக் குழுவில் 49,311 பெண்கள். ஆர். சங்கரநாராயணன் தலைமையில் 2007-ல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, கருப்பை வாய்ப் புற்றால் வரும் மரணம் அந்தக் குழுவில் 35 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படாதது சரியா என்று பின்னர் அறநெறி விவாதம் எழுந்தது, அது எழ வேண்டிய விவாதமே. ஆனால் நோயறிதலின் அமைப்பைப் பற்றி அந்த ஆய்வு சொன்னது தெளிவு. பார்ப்பது, பார்த்த இடத்தில் சதை எடுப்பது, அடுத்ததைச் செய்வது மூன்றும் ஒரே வருகையில் கோக்கப்பட்டதால் பெண்களில் பெரும்பாலோர் நடுவழியில் விட்டுப் போகவில்லை. புராஸ்டேட்டுக்கும் அதே இணைப்பு வேண்டும். காலையில் குறுகிய எம்ஆர்ஐ, பிற்பகலில் அதன் முடிவு, தேவைப்பட்டால் மறுநாள் காலை பயாப்சி, காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க இரண்டு இரவு மருத்துவமனைத் தங்கல் என்று மலைவாசிகளுக்குத் தனி ஒழுங்கு செய்வது மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனையால் இயலாத காரியமல்ல. 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இதற்குப் பொருத்தமான இடம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஸ்கேன், பயாப்சி, தங்கல் மூன்றையும் தனித்தனி அனுமதியாக இழுக்காமல் ஒரே தொகுப்பாக ஏற்க வேண்டும்.

இனி மிஞ்சுவது ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் திரும்புகிற மனிதர். புராமிஸ் ஆய்வில் ஸ்கேன் சுத்தம் என்று சொன்ன 158 பேரில் 17 பேருக்கு ஆபத்தான புற்று இருந்தது. ஒன்பது பேருக்கு ஒருவர். இதை மறைத்து நிம்மதியாகப் போங்கள் என்று சொல்வது துரோகம். பயந்து எல்லோருக்கும் ஊசி போட்டால் ஸ்கேனால் கிடைத்த பலன் போய்விடும். பிஎஸ்ஏ அளவைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்தால் வரும் எண் இங்கே உதவுகிறது. எம்ஆர்ஐயே கொள்ளளவைத் தந்துவிடுவதால் இதற்குத் தனிச் செலவில்லை. அந்த எண் 0.15-க்கு மேலிருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் இந்தப் புற்று வந்திருந்தாலோ, ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், பயாப்சியைப் பற்றி மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேச வேண்டும். குறைவாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பிஎஸ்ஏ பார்த்தால் போதும். அதற்கு முதியவர் மலையிறங்க வேண்டியதில்லை. மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வரும்போதே ரத்தம் எடுத்துவிடலாம். குப்பி மட்டும் கீழே போய்வரும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் மறுபடி அனுப்ப வேண்டும் என்ற இரண்டு வரிகளை, ஸ்கேன் எடுத்த மருத்துவமனை அந்தச் சுகாதார நிலைய மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும்.